சிவப்பு வாகனும் கிணற்றுத் தண்ணீரும்

பெயின்ற் அடித்து ஒரு வருடம் முடியவில்லை. பின்சில்லுக்கு மேலே மட்காட் வளைவில் உளுந்தளவு ஒரு குமிழ் தெரிந்தது. அடுத்த கிழமை பார்த்தால் அதைச் சுற்றிக் கடுகு சிந்தின மாதிரி இருபது முப்பது. குண்டூசி எடுத்துப் பெரிய குமிழைக் குத்தினேன். ஒரு துளி தண்ணீர் வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உவர்.

அந்த ஒரு துளியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இந்த மாரியும் கழிந்துவிட்டது. இரண்டாம் தடவை அடித்த பெயின்ற் ஒரு மூலையைத் தவிர எல்லா இடமும் நிற்கிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

வாகனம் 1985 ஆம் ஆண்டு டிஎக்ஸ் வாகன், பின்பக்கம் சாமான் ஏற்ற நீண்ட கார், சிவப்பு. நாங்கள் இருப்பது பூநகரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. இனியும் பொறுத்தால் வாங்கவே முடியாது என்று 2021 தொடக்கத்தில் 14 இலட்சத்துக்கு வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பின்சீற்றை மடித்துவிட்டு மீன் பெட்டி ஏற்றியவர். ஐஸ் உருகிய தண்ணீர் தரையில் வடிந்து, பாயைத் தூக்கினால் தகடு அப்பளம்போல் நொருங்கியது. பொனற்றும் கூரையும் வெளிறி, துணியால் துடைத்தால் துணி றோஸ் நிறமாகும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள்: சிவப்புக் கார் கறள் பிடிக்கும், வெள்ளைக்கு மாத்து. நானும் நம்பினேன். ஆனால் அம்மாவுக்குச் சிவப்புதான் வேணும். அப்பா ஓடியதும் ஒரு சிவப்புக் கார். 2008 இல் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தது. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

முதல் தடவை செய்த பிழைகளை ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன்.

காலம் பிழை. 2021 கார்த்திகையில் தொடங்கினேன், மாரி மழைக்கு நடுவில். பழைய பாணி லாக்கர் பெயின்ற், தின்னர் கலந்து அடிப்பது. ஈரக் காற்றில் அடித்ததும் மேலே பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகப் புகைந்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிவதால் வருவது அது. திரும்பத் தேய்த்துத் திரும்ப அடித்தேன்.

அடுத்தது பிரைமர். சாம்பல் பிரைமர் அடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. வாகன் பத்து நாள் வெறும் பிரைமரோடு வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. பிரைமர் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தேய்ப்பதற்கென்று அடிக்கிற அந்தச் சாம்பல் பிரைமர் பஞ்சு மாதிரி. தண்ணீரை உறிஞ்சித் தகட்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். மேல் பூச்சு ஏறினால்தான் அது அடைபடும்.

ஓட்டை விழுந்த இடங்களுக்குத் தகடு போடாமல், பள்ளம் நிரப்புகிற பசையான பட்டி அப்பினேன். பட்டியும் ஈரம் உறிஞ்சும். பின்பக்கத்தில் கறள் இருந்தால் முன்பக்கத்தில் எவ்வளவு வடிவாக இழைத்தாலும் பிரயோசனமில்லை.

இவ்வளவும் பிழை என்று எனக்கே அப்போது அரைகுறையாகத் தெரியும். எனக்குத் தெரியாமல் செய்த பிழை வேறு. தகட்டை 400 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

முதல் தடவைச் செலவு மொத்தம் 46,000 ரூபா. 2022 இல் பெற்றோல் இல்லை. கியூ.ஆர். கோட்டா வந்த பிறகும் வாகன் பெரும்பாலும் முற்றத்தில் வெயிலில்தான் நின்றது. ஐப்பசி முதல் மழையோடு குமிழ் வந்தது.

பரந்தனில் ஒரு பெயின்ற் அண்ணை இருக்கிறார். முப்பது வருடமாக இதே வேலை. வாகனைக் கொண்டுபோய்க் காட்டி, "சிவப்பு அடிச்சதாலதான் அண்ணை இப்பிடி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நகத்தால் ஒரு குமிழைச் சுரண்டினார்.

"நிறம் கறளைக் கொண்டுவாறேல்லை தம்பி. நிறத்துக்குக் கீழ என்னத்தை விட்டு மூடினனீ எண்டு பார். எந்தத் தண்ணியில தேச்சனீ?"

"கிணத்துத் தண்ணியில."

"பூநகரிக் கிணத்துத் தண்ணியிலயோ?"

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலதும் உவர். குடிக்க பவுசர் தண்ணீர், குளிக்கவும் தோய்க்கவும் கிணறு. தேய்த்த தண்ணீர் வெயிலில் காய்ந்தபோது உப்பு மட்டும் தகட்டில் தங்கியிருக்கிறது. அதன் மேலே பெயின்றை அடித்து மூடியிருக்கிறேன். பெயின்ற் தண்ணீரை முழுக்கத் தடுக்காது, மெல்ல மெல்ல ஈரம் ஊடுருவும். கீழே உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குமிழுக்குள் இருந்த துளி அதுதான்.

எனக்கு என்றாலும் மனம் ஆறவில்லை. ஊரே சொல்கிற நிறக் கதையில் ஒன்றும் இல்லையா? சரி, சோதித்துப் பார்ப்போம் என்று எட்டுத் தகடு வெட்டினேன். 20 கேஜ் தகடு, ஒவ்வொன்றும் 30 சென்றிமீற்றருக்கு 15. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, சில்வர் என்று நிறத்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் தேய்த்துக் காயவிட்டேன். மற்றதைக் கடையில் காசுக்கு வாங்குகிற வடிகட்டிய குடிதண்ணீரில் தேய்த்தேன். எல்லாத்துக்கும் ஒரே எப்பொக்சி பிரைமர் (சாம்பல் பிரைமர் மாதிரி இல்லாமல் ஈரத்தைத் தடுக்கிறது), இரண்டு பூச்சு. மேலே நிறம். பிறகு ஒவ்வொரு தகட்டிலும் வலது பாதிக்கு மட்டும் டூ கே கிளியர் (ஹாட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல் பூச்சு) அடித்தேன், இடது பாதி வெறும் நிறம். கீழ் ஓரத்தில் இரண்டு சென்றிமீற்றர் அகலத்துக்குக் கறுப்பு ரேப் ஒட்டி வெயில் படாமல் மறைத்தேன், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. கடைசியாகப் பிளேட்டால் ஒவ்வொன்றிலும் தகடு தெரியுமட்டும் ஒரு பெருக்கல் குறி கீறினேன். 2023 மாசியில் எட்டையும் மலசலகூடக் கூரையில் தெற்குப் பார்க்கச் சாய்த்துக் கட்டிவிட்டேன்.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் கணக்கில் அளக்க ஒரு பேனை மீற்றர் வாங்கினேன், 1,800 ரூபா. கிணற்றுத் தண்ணீர் 2,640 காட்டியது. வாங்கிய தண்ணீர் 48. வைகாசிக்கு முந்திப் பெய்த ஒரு மழையைச் சட்டியில் பிடித்துப் பார்த்தேன், 19.

சித்திரையில் எங்கள் தலைக்கு நேர் மேலே வெயில் நிற்கும். ஒருநாள் மத்தியானம் ஒரு மணிக்கு, நிழலில் 35 பாகை இருக்கும்போது, அகச்சிவப்பு வெப்பமானியால் தகடுகளின் சூட்டை அளந்தேன். கறுப்பு 72, சிவப்பு 61, சில்வர் 56, வெள்ளை 47. கறுப்பில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. வெள்ளையில் வைத்துக்கொண்டு பேசலாம். யாராவது இந்தக் கருவியைப் பயன்படுத்தினால் ஒன்று கவனியுங்கள்: பூச்சில்லாத பளபளத்த தகட்டில் அது பிழையான கணக்குக் காட்டும். கூரையின் சிங்க் தகட்டில் 38 என்றது, கை வைத்து வெந்துபோனேன்.

அப்புறம் ஆனி, ஆடி, ஆவணி. சோளகக் காற்று கடலுப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும் காலம். மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.

சிவப்பின் வெறும் பாதி ஐந்தாம் மாதத்தில் தூள் பறக்கத் தொடங்கியது. வெள்ளைத் துணியால் துடைத்தால் றோஸ் கறை. பன்னிரண்டாம் மாதம் ரேப்பை உரித்தபோது கீழே பழுத்த மிளகாய் நிறம், மேலே கழுவி வெளிறிய சீலை நிறம். ஒரே தகட்டில் நான்கு விரல் தூரத்தில் இரண்டும். கிளியர் அடித்த பாதியில் கண்ணை ஊன்றிப் பார்த்தால்தான் வித்தியாசம். சிவப்பு வெளிறுகிறது என்ற ஊர்க் கதை, ஆகவே, உண்மைதான். ஆனால் எல்லாச் சிவப்பும் இல்லை. கேற்றுக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் அடிக்கிற ரெட் ஒக்சைட் எத்தனை வருட வெயிலிலும் நிறம் மாறாது. அதன் நிறம் இரும்பு ஒக்சைட், கறளின் உறவுக்காரன். கார்களுக்கு அடிக்கிற அந்தப் பளீர் சிவப்பின் சாயம் வேறு. பல சிவப்புச் சாயங்களை வெயில் தின்றுவிடும்.

கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தது, பொலிஷ் போட்டதும் திரும்பியது. கிளியர் இல்லாத சில்வர் மங்கி, தொட்ட இடமெல்லாம் விரல் அடையாளம். கிளியர் அடித்த சில்வர்தான் நான்கிலும் வடிவாக நின்றது என்று சொல்லவேணும். ஆனால் அதில் ஒரு கீறல் விழுந்தால் தொட்டு அடிக்க முடியாது, துண்டு தனியாகத் தெரியும். வெள்ளையில் பளபளப்புத்தான் கொஞ்சம் குறைந்தது.

கறளுக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீரில் தேய்த்த நான்கு தகட்டிலும் குமிழ் வந்தது. கறுப்பில் முதலில், வெள்ளையில் கடைசியில், நடுவில் மூன்று மாத இடைவெளி. சூடு அதை விரைவாக்கியது என்பது என் எண்ணம். மார்கழி முடிய நான்கும் ஒரே கோலம். நல்ல தண்ணீரில் தேய்த்த நான்கிலும் பெருக்கல் குறியின் ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கறள் ஊர்ந்திருந்தது. நிறத்துக்கு நிறம் வித்தியாசம் காண எனக்கு முடியவில்லை.

இதில் நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளைத் தகட்டில் முதல் மழையோடு கீறலில் இருந்து மஞ்சள்-மண்ணிறக் கண்ணீர் வழிந்தது. முற்றத்தில் நின்றே தெரியும். சிவப்பில் அதே கறள் அதே அளவில் இருந்தது, ஏணியில் ஏறி விரலால் தடவினால்தான் சொரசொரப்புப் பிடிபடும். சிவப்பு கறளைத் தன் நிறத்துக்குள் ஒளித்து வைக்கிறது. வெள்ளைக் கார் வைத்திருப்பவன் ஒரு புள்ளியைக் கண்டதும் கராச்சுக்கு ஓடுவான். சிவப்புக் கார் வைத்திருப்பவன் காணும்போது தகடு ஓட்டை. சிவப்புக் கார் கறள் பிடிக்கும் என்ற பேச்சு இங்கேதான் பிறந்திருக்கவேணும்.

இதை யோசித்துக்கொண்டு இருந்தபோது 2010 இல் மீள்குடியேறிய காலம் நினைவுக்கு வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் போனால் றோட்டோரம் குவித்துக் கிடந்த வாகனங்கள். எரிந்தவை எல்லாம் ஒரே நிறம். கார், வான், பஸ், எது எந்த நிறத்தில் இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பெயின்ற் எரிந்த தகட்டில் அடுத்த மழைக்கே கறள். பக்கத்தில் எரியாமல் நசிந்து கிடந்தவற்றில் நீலம் நீலமாக, பச்சை பச்சையாகவே இருந்தது. அப்பாவின் காரை நாங்கள் தேடினோம், கிடைக்கவில்லை.

2024 பங்குனியில் இரண்டாம் தடவை தொடங்கினேன். மாரி ஓய்ந்து, சோளகம் எழும்ப முந்தி. எங்கள் பக்கம் பெயின்ற் வேலைக்கு உகந்தது அந்த இரண்டரை மாதம்தான், அதிலும் காலை ஏழிலிருந்து பத்துக்குள்.

முதல் வேலை வெட்டுவது. கதவுகளுக்குக் கீழே உள்ளே வெறுமையாக ஓடுகிற இரண்டு பக்கக் கதவடிப் பெட்டியிலும் 70 சென்றிமீற்றர் நீளத்துக்குத் தகட்டை கிரைண்டரால் வெட்டித் திறந்தோம். உள்ளே இருந்து என்ன கொட்டியது தெரியுமா? சப்பி நெல்லும் உமியும். எனக்கு முந்தியவர் மீன், நான் நெல். இரண்டு போகம் மொட்டைக்கறுப்பன் மூட்டை ஏற்றியிருக்கிறேன். உமி வடிகால் ஓட்டைகளை அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே நின்று, உமி ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே எந்த நிறம் அடித்தால் இதற்கு என்ன? தராசில் வைத்தேன், ஒன்றரைக் கிலோ. கதவுகளின் அடியிலும் ஓட்டைகள் அடைத்திருந்தன. ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து எல்லாத்தையும் குத்தித் திறந்தேன். அந்தக் கம்பி இப்போது வாகனுக்குள்ளேயே கிடக்கிறது, மாதம் ஒருமுறை குத்துவேன்.

புதுத் தகடு அதே 20 கேஜ். தகடு ஒட்டுகிற ரிங்கர் வேலையும் தகடும் 38,000 ரூபா. ஒட்டின இடங்களை இழைத்துப் பொருத்துகளில் சீலர் பூசினோம். மற்ற இடங்களில் பழைய பெயின்றைத் தகடு தெரியுமட்டும் எடுத்தேன். கம்பித் தூரிகைச் சில்லு மூன்று தேய்ந்தது.

தேய்ப்புக்கும் கழுவலுக்கும் வாங்கிய தண்ணீர் 200 லீற்றர், லீற்றர் மூன்று ரூபாப்படி 600 ரூபா. கழுவி வடித்த கடைசித் தண்ணீரைச் சட்டியில் பிடித்து மீற்றரால் பார்ப்பேன். முதல் கழுவலில் 900 காட்டியது, வாகன் தகட்டில் அவ்வளவு உப்பு. ஐந்தாம் கழுவலில் 70. அப்போதுதான் நிறுத்தினேன். துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, அன்றே எப்பொக்சி பிரைமர். தகட்டை ஒரு இரவுகூட வெறுமையாக விடவில்லை.

எப்பொக்சி மூன்று லீற்றர் 24,500. அதற்கு மேலே தேய்க்கிற சாம்பல் பிரைமர் இரண்டு லீற்றர் 13,000. நிறமும் தின்னரும் 33,000. கிளியரும் ஹாட்னரும் 31,500. பேப்பர், ரேப், பட்டி, மெழுகு என்று சில்லறை 17,000. கொம்பிரசர் மூன்று நாள் வாடகை 9,000, பரந்தன் அண்ணைக்கு இரண்டு நாள் கூலி 14,000. தகடு வேலையோடு சேர்த்து 1,80,000. தண்ணீர்க் காசு சில்லறைக்குள் அடக்கம்.

நிறத்தில் ஒரு சமரசம். உடம்பு சிவப்பு, கூரை வெள்ளை. 61 க்கும் 47 க்கும் உள்ள 14 பாகையை நான் கையால் தொட்டுப் பார்த்தவன். வாகனுக்கு ஏசி இல்லை. அம்மா கூரையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, வெய்யிலுக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கு" என்றா.

நிறத்தை நான் அடித்தேன், கிளியரை அண்ணை அடித்தார். 1.3 மில்லிமீற்றர் நொசில், துப்பாக்கி வாயில் இரண்டு பார் அழுத்தம். கிளியர் இரண்டுக்கு ஒன்று ஹாட்னர், இரண்டு பூச்சு, இடையில் பதினைந்து நிமிடம். ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது, நெஞ்சுக்கு ஆகாது. துணி கட்டினால் போதாது. கரி வடிகட்டி முகமூடியும் முழுப் பாதுகாப்பு இல்லை. குழாயால் சுத்தமான காற்று வருகிற முகமூடி இல்லாமல் தயவுசெய்து ஒருவரும் டூ கே அடிக்க வேண்டாம். அண்ணை முப்பது வருடத்தில் இருபது வருடம் துணியோடுதான் அடித்தவர். இப்போது பாலத்தில் சைக்கிள் உழக்கினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னார்.

இடது கதவில் கிளியர் ஒரு இடத்தில் ஒழுகிவிட்டது. நான்கு நாள் காயவிட்டு 1500, பிறகு 2000 பேப்பரால் இழைத்து கொம்பவுண்ட் போட்டேன். இப்போது இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியாகக் கதவடிப் பெட்டிக்குள் மெழுகை எண்ணெயில் உருக்கி ஓட்டை வழியே அடித்தேன். மூன்று நாள் முற்றத்தில் சொட்டிக்கொண்டு நின்றது.

இப்போது ஒரு முழு மாரியும் ஒரு சோளகமும் கண்டுவிட்டது. மட்காட் வளைவில் குமிழ் இல்லை. பொனற்றை வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணி வெள்ளையாகவே வந்தது. எல்லாம் சரிவரவில்லை. டிக்கிக் கதவின் கீழ் விளிம்பில் தை மாதம் இரண்டு குமிழ். அந்த இடம் எனக்குத் தெரியும். கறள் ஊசிக்குழி மாதிரி இறங்கி இருந்தது. வெட்டச் சோம்பி, கறள் மாற்றித் திரவம் பூசி மேலே அடித்துவிட்டேன். குழிக்குள் உப்பு இருந்திருக்கும், கழுவல் அங்கே இறங்கவில்லை.

அடுத்த தடவை செய்வதானால் கூரைத் தகட்டுச் சோதனையில் ஒன்பதாவதாக வெறும் ரெட் ஒக்சைட் தகடு ஒன்றும் வைப்பேன். கொம்பிரசரை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குவேன், வாடகை நாளைக் கணக்குப் பார்த்து அவசரப்பட்டதால்தான் கதவில் ஒழுகியது. அம்மா விட்டால் பொனற்றையும் வெள்ளையாக்குவேன்.

டிக்கிக்கு வேண்டிய தகட்டுத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், 62 சென்றிமீற்றர் நீளம், ஒன்பது அகலம். பங்குனி பிறந்ததும் கழற்றவேணும். தண்ணீர் இருபது லீற்றர் போதும்.